களஞ்சியம் தேடி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற காரியம் அண்ணாந்து பார்ப்பதுதான். அதில் தப்பொன்றும் இல்லை. பின்னால் 2,668 அடி உயரத்துக்கு மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில், மலையோடு போட்டி போட முடியாதென்று தெரிந்திருந்தும், 217 அடி உயரத்துக்குப் பதினொரு நிலை ராஜகோபுரம் எழும்பி நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்தார், தஞ்சாவூர்ச் சேவப்ப நாயக்கர் முடித்து வைத்தார் என்பது சரித்திரம். ஆரம்பித்தவர் ஒருவர், முடித்தவர் ஒருவர், நடுவில் எத்தனையோ வருஷம். அத்தனை வருஷமும் கல் தூக்கியவனும், சிற்றுளி பிடித்தவனும், சாரம் கட்டியவனும், சுண்ணாம்பு அரைத்த பெண்பிள்ளைகளும் என்ன சாப்பிட்டார்கள்? அந்தச் சோற்றுக்கான நெல் எங்கே இருந்தது?

நம்முடைய சரித்திரக் கதைகளில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. படை புறப்படும். பேரிகை முழங்கும். குதிரைகள் கனைக்கும். நாற்பதாயிரம் வீரர்கள் ஓர் அத்தியாயத்தில் காவேரியைத் தாண்டி அடுத்த அத்தியாயத்தில் பாலாற்றங்கரையில் கூடாரம் அடிப்பார்கள். நடுவில் ஒருவனுக்காவது பசித்ததாகத் தெரியாது. நிலவறை, சுரங்கப்பாதை, நந்தவனம், அந்தப்புரம் எல்லாம் வாசகர்களுக்கு மனப்பாடம். களஞ்சியத்தின் வாசலில் கதாநாயகன் எப்போதாவது நின்றதுண்டா? கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போய் ஒளித்து வைக்கக்கூட ஒருவரும் அதை உபயோகப்படுத்தவில்லை.

ஆனால் கல்வெட்டுக்கள் அப்படி இல்லை. திருவண்ணாமலைக் கோயிலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் இருக்கின்றன. சோழர், ஹொய்சளர், விஜயநகரத்து ராயர் என்று பல கைகள் அங்கே எழுதி வைத்திருக்கின்றன. பொதுவாக நம் கோயில் கல்வெட்டுக்களின் சுபாவம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி. அரசன் எந்த நாட்டை வென்றான், யார் யாரை ஓட வைத்தான் என்று கம்பீரமாக ஆரம்பிக்கும். மெய்க்கீர்த்தி முடிந்ததோ இல்லையோ, கல்வெட்டு உடனே கணக்குப் பிள்ளையாகிவிடும். இத்தனை நாழி அரிசி அமுதுக்கு, இத்தனை உழக்கு நெய் விளக்குக்கு, பூப்பறிப்பவனுக்கு இத்தனை குறுணி, மேளம் கொட்டுகிறவனுக்கு இத்தனை கலம். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அந்தக் காலத்துக் கோயிலில் காசைவிட நெல்லுக்குத்தான் நடமாட்டம் அதிகம்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் நெல் அளப்பதற்கென்று ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரிலேயே ஒரு மரக்கால் வைத்திருந்தான். கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச் சபைகள் கடனாக வாங்கிக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி நெல் என்று வட்டி அளந்தன. நானூறு ஆடல் பெண்களைக் குடியேற்றி, ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கூட்டிப் பாருங்கள்: நாட்டியத்துக்கு மட்டும் 40,000 கலம். கலத்தின் அளவு காலத்துக்குக் காலம் கொஞ்சம் மாறும் என்றாலும், இது ஒரு பெருங்குவியல்தான். விமானம் அப்படியே இருக்கிறது, நந்தி இருக்கிறது, நெல் எத்தனை என்று சொல்லும் எழுத்தும் இருக்கிறது. சோழர் காலத்து நெற்களஞ்சியம் மட்டும் அங்கே நின்று நான் பார்த்ததில்லை.

களஞ்சியம் என்பது நெல் இருக்கும் வரையில்தான் களஞ்சியம். நெல் போய்விட்டால் அது வெறும் இருட்டறை. தெய்வம் குடியிருக்கிற இடத்தைப் பூஜை இல்லாவிட்டாலும் ஜனங்கள் தொட அஞ்சுவார்கள். நெல் இருந்த இடத்துச் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக ஒருவருக்கும் பயம் கிடையாது.

திருவண்ணாமலைச் சரித்திரத்தில் ஒரு வெறும் களஞ்சியம் மிகப் பெரிய பாத்திரமாக வருகிறது. 1753க்கும் 1790க்கும் இடையில் இந்த ஊர் பத்துத் தடவை தாக்கப்பட்டது. அவற்றில் ஆறு தடவை எதிரி ஜயித்தான். மதில் சூழ்ந்த கோயிலையே கோட்டையாகக் கருதிய காலம் அது. 1767இல் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்துகொண்டு இங்கிலீஷ்காரர்களின் மேல் படையெடுத்தார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி செங்கம் கணவாயில் ஒரு சண்டை. இங்கிலீஷ் படையின் தலைவர் கர்னல் ஜோசப் ஸ்மித் எதிரியை அடித்து விலக்கிவிட்டார். ஆனால் நின்று மூச்சுவிட அவருக்கு நேரமில்லை. சிப்பாய்களுக்குச் சாப்பாடு இல்லை. திருவண்ணாமலைக்குப் போய்விட்டால் தானியம் கிடைக்கும், துணைப்படையும் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் இரவு பகலாக ஓடி வந்தார். வந்து பார்த்தால் ஊரில் தானியம் இல்லை!

காயம்பட்டவர்களையும் மூட்டை முடிச்சுக்களையும் ஊரில் விட்டுவிட்டு, ஜயித்த படை சோறு தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தது. 8ஆம் தேதி கர்னல் வுட் என்பவர் தம் படையோடு வந்து சேர்ந்துகொண்டார். மாதக் கடைசியில் திருவண்ணாமலைக்கு அருகில் பெரிய யுத்தம் நடந்து இங்கிலீஷ்காரர்கள் வென்றார்கள். யுத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பீரங்கிகள் எத்தனை, குதிரைகள் எத்தனை என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. சோறு தேடி அலைந்த அந்தச் சில நாட்களில் சுற்று வட்டாரத்து வீடுகளில் குதிரைக் கவிழ்த்து வழித்தெடுத்த நெல் எத்தனை கலம், கம்பு எத்தனை மரக்கால் என்பதற்குத்தான் கணக்கு இல்லை. (நான் சொல்வது லாயத்துக் குதிரை அல்ல, நெல் கொட்டி வைக்கும் குதிர். சரித்திர ஆசிரியர்கள் முன்னதைத்தான் எண்ணுவார்கள்.)

களஞ்சியம் நிறைந்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளத் திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே நாற்பது கிலோ மீட்டர் போனால் போதும். திண்டிவனம் சாலையில் செஞ்சி வந்துவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் சேர்த்து இழுத்துக் கட்டிய மதில். ‘ராஜா தேசிங்கு’ கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவன் குதிரை ஓடிய இடம் எது என்று பார்க்க ஆசை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ராஜகிரியின் அடிவாரத்துக் கோட்டைக்குள் நுழைந்து, கல்யாண மகாலின் அடுக்கு மாடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஒருவரும் நின்று பார்க்காத ஒரு கட்டடம் இருக்கிறது. அலங்காரம் கிடையாது. ஒரு யாளி, ஒரு தாமரைப்பூ கிடையாது. கனத்த சுவர், உள்ளே செங்கல்லும் சுண்ணாம்புமாய் வளைத்துக் கட்டிய கூரை, நட்டநடுப் பகலிலும் இருட்டு. அதுதான் கோட்டையின் நெற்களஞ்சியம். கிருஷ்ணகிரியின் உச்சியிலும் களஞ்சியங்கள் இருக்கின்றன. கீழ்க்கோட்டை விழுந்தாலும் மேலே இருப்பவன் சாப்பிட வேண்டுமல்லவா?

நான் போன அன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வாத்தியார் பலகையைப் படித்துக் காட்டினார். “அவ்வளவு நெல்லையும் யார் சார் மேலே தூக்கிண்டு போனா?” என்று ஒரு பெண் கேட்டாள். வாத்தியார், “கூட்டம் கலையாமல் வா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் அன்றைக்குச் செஞ்சியில் கேட்கப்பட்ட கேள்விகளில் நல்ல கேள்வி அதுதான்.

1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அவருடைய குமாரர் ராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து, இந்தக் கோட்டையிலிருந்து ராஜ்யபாரம் செய்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய சேனாதிபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து கோட்டைக்கு எதிரே கூடாரம் அடித்தான். கோட்டை விழுந்தது 1698இல். அதற்கு முன்பே ராஜாராம் வெளியேறிவிட்டார். நடுவில் இருந்தவை எட்டு வருஷங்கள்!

முற்றுகை என்றால் உள்ளே இருப்பவன் பட்டினி கிடப்பான், வெளியே இருப்பவன் கறியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பான் என்றுதான் நாம் நினைக்கிறோம். செஞ்சியில் தலைகீழாக நடந்தது. 1692ஆம் வருஷக் கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து மொகலாயர்களுக்குத் தானியம் வரும் பாதைகளை அடைத்துவிட்டார்கள். டில்லி சாம்ராஜ்யத்தின் சைனியம் கூடாரத்துக்குள் பட்டினி கிடந்தது. பாதுஷாவின் பிள்ளையான காம்பக்ஷ் எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்துகிறான் என்று அவனையே கைது செய்யும்படி ஆயிற்று. 1693 ஜனவரியில் ஜுல்பிகர் கான் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். மொகலாயப் படையில் தளபதி தல்பத் ராவ் புந்தேலாவிடம் உத்தியோகம் பார்த்த பீம்சேன் என்பவர், இந்தத் தெற்கத்தி யுத்தங்களைப் பற்றித் தம் நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார். வாள், வேல், பீரங்கி எல்லாவற்றையும்விடத் தானிய வண்டி பெரிய ஆயுதம் என்பதை இப்படிப்பட்ட கணக்கர்கள்தாம் உணர்ந்திருந்தார்கள்.

கோட்டைக்கும் கோயிலுக்கும் மட்டும் களஞ்சியம் இருந்ததாக நினைக்கக் கூடாது. நம் வீடுகளிலேயே எத்தனை வகை! மண்ணை உறை உறையாகச் சுட்டோ காய வைத்தோ அடுக்கிய குதிர். பலகை அடித்த பத்தாயம். மூங்கிலைப் பின்னிச் சாணி மெழுகிய கூடு. மழை குறைந்த சீமைகளில் பூமியைத் தோண்டி வைக்கோல் பரப்பிச் சோளத்தைக் கொட்டி மூடிய சோளக்குழி. பூச்சி வராமல் இருக்க நொச்சித் தழையும் வேப்பிலையும். “எங்கப்பன் குதிருக்குள் இல்லை” என்று சொன்ன பிள்ளையின் புண்ணியத்தில் குதிர் என்ற வார்த்தையாவது தமிழில் உயிரோடு இருக்கிறது. ஓர் ஆள் உள்ளே ஒளிந்துகொள்ளலாம் என்கிற அளவுக்கு அது பெரியது என்பதும் அந்தப் பழமொழியிலிருந்தே தெரிகிறது. பத்தாயத்தின் கதி வேறு. பலாப்பலகை, தேக்குப்பலகை என்று பிரித்து விற்றுவிட்டார்கள். பட்டணத்தில் பழம்பொருள் விற்கும் கடையில், சாப்பாட்டு மேஜையாக மறுஜன்மம் எடுத்த பத்தாயக் கதவு ஒன்றைப் பார்த்தேன். அதன் விலையைக் கேட்டபோது, அந்தப் பத்தாயம் ஆயுள் முழுவதும் சுமந்த நெல்லின் விலை அவ்வளவு இருக்குமா என்று தோன்றிற்று.

மற்ற தேசங்களில் இதற்கு என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்குத் தென்மேற்கே கிரேட் காக்ஸ்வெல் என்றொரு கிராமம். அங்கே கிறிஸ்தவத் துறவிகளின் மடம் ஒன்று சுமார் 700 வருஷத்துக்கு முன் கட்டிய தானியக் கொட்டகை இன்னமும் நிற்கிறது. 152 அடி நீளம். உள்ளே ஓக் மரத் தூண்கள். பக்கத்து ஊரில் வாழ்ந்த கவி வில்லியம் மாரிஸ், தம்மைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் அதைப் பார்க்க அழைத்துக்கொண்டு போவாராம். பெரிய மாதா கோயிலுக்குச் சமமான கௌரவத்தை அவர் அதற்குக் கொடுத்தார். 1956 முதல் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற ஸ்தாபனத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. நம் நாட்டிலும் பாட்னாவில் கோல்கர் இருக்கிறது. 1770ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தின் பீதியில் கம்பெனியார் கட்டத் தீர்மானித்து, காப்டன் ஜான் கார்ஸ்டின் என்பவர் 1786இல் முடித்த கட்டடம். கவிழ்த்து வைத்த பானையைப் போல 29 மீட்டர் உயரம். சுற்றிலும் 145 படி. அது ஒரு நாளும் முழுக்க நிரம்பியதில்லை. கதவுகளை உள்பக்கமாகத் திறக்கும்படி வைத்துவிட்டார், நெல்லைக் கொட்டினால் கதவு எப்படித் திறக்கும் என்று பாட்னாக்காரர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

கார்ஸ்டின் துரை அந்த வேலையைத் தொடங்கும் முன் நம் பாபநாசத்துக்கு ஒரு தடவை வந்து போயிருக்கலாம். மலை மேலே அருவி கொட்டுகிற பாபநாசம் அல்ல; தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருப்பது. அங்கே திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயிலுக்குள் ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நான் பார்த்தவற்றில் மிக அழகானது என்று தயங்காமல் சொல்வேன். தஞ்சையை ரகுநாத நாயக்கர் ஆண்ட காலத்தில், 1600க்கும் 1634க்கும் இடையில் கட்டியது. முழுக்கச் செங்கல். வட்டமாக எழும்பி, மேலே கூம்பிக் குவிகிறது. உயரம் சுமார் 36 அடி. சுற்றளவு 86 அடி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய குதிருக்கு யாரோ உபநயனம் செய்து கோயிலுக்குள் உட்கார வைத்ததைப் போல இருக்கும்.

வட்டமாக ஏன் கட்டினார்கள்? நெல் பார்ப்பதற்குச் சாதுவான பொருள். குவித்து வைத்தால் தண்ணீரைப் போலவே நாலு பக்கமும் சுவரை நெட்டித் தள்ளும். சதுரமான அறையானால் நீண்ட சுவர் பிதுங்கும். மூலை விரிசல் விடும். வட்டத்துக்கு மூலையே இல்லை. பாரம் சுற்றிலும் சமமாகப் பரவிவிடும். கூம்பிய கூரையில் ஐப்பசி மழை நிற்காது. கீழே, நடுவே, மேலே என்று மூன்று உயரங்களில் வாயில்கள். நெல் ஏற ஏற மேல் வாயில். இறங்க இறங்கக் கீழ் வாயில். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று வாயிலை யோசித்த கொத்தனார், கோல்கர் கட்டியவரைவிட நெல்லோடு அதிகம் பழகியவர்.

அதில் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பது கணக்கு. சோழர் கல்வெட்டுக்களில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று குற்றுகிற விகிதம் ஒன்று வருகிறது. அந்த விகிதத்தில் 3,000 கலம் நெல் 1,15,200 நாழி அரிசி ஆகும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி போட்டால், ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய நாலு மாதச் சாப்பாடு. ஒரு செங்கற்கூட்டுக்குள் ஒரு சிற்றூரின் நாலு மாத உயிர் இருந்தது.

அந்த உயிர் யாருக்குக் கிடைத்தது என்பது வேறு கேள்வி. களஞ்சியத்தை வியந்து நிற்கும்போது அதையும் கேட்டுவிட வேண்டும். விதைத்தவனும் அறுத்தவளும் களத்து மேட்டோடு நின்றார்கள்; அவர்களுக்கு அளந்த கூலி முறத்தில் அடங்கியது. அதே தஞ்சைச் சீமையில், கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் வளர்ந்த தகராறு, 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போவதில் முடிந்தது. 1877ஆம் வருஷப் பஞ்சத்தில், சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. உள்நாட்டில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். களஞ்சியம் நிறைந்திருப்பதும் வயிறு நிறைவதும் ஒன்றென்று சரித்திரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தச் சங்கதிக்குக் கண்ணால் பார்க்கிற சாட்சி வேண்டுமானால், கோபுரம் நின்றால் போதாது. களஞ்சியமும் நிற்க வேண்டும்.

திருப்பாலைத்துறைக் களஞ்சியம் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலும் ‘கொட்டாரம்’ என்று சொல்லும் வட்டமான களஞ்சியங்கள் இருக்கின்றன. அந்தக் கோயிலில் நடந்த புதுப்பித்தல் வேலைக்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது ஒன்று கிடைத்தது. பழைய முறைப்படி சுண்ணாம்பு அரைத்து வேலை செய்ததற்காகக் கிடைத்த கௌரவம் என்பதால் எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். ஏனென்றால் பழைய செங்கல் கட்டடத்துக்கு எமன் இடியோ மழையோ அல்ல. நல்லெண்ணத்தோடு பூசுகிற சிமெண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை மாவாக்கிவிடும். மேலே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்து வேர் விட்டால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

யார் காப்பாற்றுவது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. 2002இல் மத்தியத் தொல்லியல் துறையினர் திருவண்ணாமலைக் கோயிலைத் தேசியச் சின்னமாக்க ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஊரே எதிர்த்தது. விளக்கேற்றவும் திருவிழா நடத்தவும் டில்லியில் உத்தரவு வாங்க வேண்டி வருமோ என்ற பயம். பிற்பாடு அந்த யோசனை கைவிடப்பட்டது. ஊராரின் பயம் நியாயமானதுதான் என்பது என் அபிப்பிராயம். உயிரோடிருக்கும் கோயிலைக் கண்காட்சியாக்கிவிடக் கூடாது. ஆனால் கோயிலுக்காகக் கூடிச் சண்டை போட ஓர் ஊர் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். களஞ்சியத்துக்குக் கும்பாபிஷேகம் கிடையாது. அதற்காக ஊர்வலம் போக ஒருவரும் இல்லை. அதைப் போன்ற அநாதைகளுக்குத்தான் சர்க்கார் வேண்டியிருக்கிறது.

செஞ்சிக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. மராட்டியர்களின் கோட்டைகள் என்ற வரிசையில், தமிழ்நாட்டிலிருந்து அது ஒன்றுதான். கோட்டையோடு களஞ்சியத்துக்கும் அந்த மரியாதை கிடைத்துவிட்டது. இனிக் கூட்டம் வரும். வருகிறவர்களுக்கு ஒரு யோசனை: கையில் ஒரு டார்ச் விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள்; உள்ளே இருட்டு. ராஜகிரி ஏறுவதற்கு முன்பே, மூச்சும் பொறுமையும் மிச்சமிருக்கும்போதே களஞ்சியத்தைப் பார்த்துவிடுங்கள். எண்ணூறு அடி ஏறி இறங்கி வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை. நேரே சோடாக் கடைக்குத்தான் போகிறார்கள்.